சுவரில் பதிந்த மாமி

அத்தியாயம் ஏழு

சுவரில் ஒரு மூக்கு இருந்தது. அதை மறுக்க யாராலும் முடியவில்லை.

நேர் முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரும்பச்சைச் சுவர், அதன் மேல் அலையலையாகப் பொன்னிறம். நகைப்பெட்டிக்குள் தலையை விட்டது போல இருக்கும், அவ்வளவுதான். யன்னலோரம் போய் நின்று கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால்தான் ஆபத்து. பொன்னுக்கு நடுவே பச்சையாக ஒரு பாதி முகம் எழும்பி வரும். மூடிய கண், உப்பிய கன்னம், நுனி வளைந்த மூக்கு.

"மிஸ், பக்கத்து வீட்டுல வந்து இருக்கிற மாப்பிள்ளைட உம்மாக்கும் இதே மூக்குத்தான்," என்றான் அப்ஹாம். "ஒரே வித்தியாசம், இது வாயத் தொறக்கல்ல."

அப்ஹாம் காத்தான்குடி ஓட்டோக்காரன். பிரஷாந்தியின் விசாரணை அலுவலகத்துக்கு அவன்தான் வாகனம், உதவியாளன், சில நாட்களில் தலைவலி. ஓட்டத்துக்கு மட்டும்தான் கூலி வாங்குவான்; வாயை இலவசமாகத் தருவான்.

பிரஷாந்தி அளவு நாடாவை விரித்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தாள். பிறகு சந்தேகம் வந்து தாடையிலிருந்து நெற்றி வரை அளந்தாள். காப்புறுதிக் கம்பனியில் சேதம் பார்க்கும் வேலையை விட்டுவிட்டுக் கல்லடியில் கந்தோர் திறந்த நாள் முதல் அவளுக்கு இந்தப் பழக்கம். தான் கண்டுபிடித்ததை முதலில் நம்பாதவள் அவளேதான்.

"கீழ இருந்து மேல அளந்தா மூக்கு சின்னதாகுமா மிஸ்?"

"அப்ஹாம், கொஞ்சம் சும்மா இரு."

வழக்கு இதுதான். இந்த ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நௌஷாட் ஹாஜியார் தன் மகள் அஸ்மியாவுக்காகத் தன் வளவுக்குள்ளேயே, ஆற்றங்கரைப் பக்கமாக, புது வீடு கட்டியிருந்தார். அதன் முன் ஹோலில் ஒரு சுவரை மட்டும் அலங்காரமாக அடித்துத் தரும்படி றிஸ்லானைப் பிடித்தார். றிஸ்லான் டோஹாவில் ஹோட்டல் சுவர்களுக்குப் பளிங்கும் பட்டும் தங்கமுமாகப் பெயின்டிலேயே வேலை காட்டிவிட்டு வந்தவன். நேற்று மாப்பிள்ளையின் தாய் றஸீனா உறவுப் பெண்களோடு வீடு பார்க்க வந்தார். கூட வந்த அவருடைய தங்கைதான் யன்னலோரம் நின்று, "ராத்தா, ஓடி வாங்க! இது நீங்கதானே!" என்று கத்தினாள்.

பிறகு நடந்தது தெருமுனை வரை கேட்டதாம். ஒரு படம்கூடத் தொங்கவிடாத, தொழுகிற வீட்டில் மாமியின் முகம்! யார் வரைந்தது? ஏன் வரைந்தான்? காரணத்தையும் ஊரே கண்டுபிடித்துக் கொடுத்தது. போன வருடம் றிஸ்லானுடைய நானாவுக்கு அஸ்மியாவைக் கேட்டு, ஹாஜியார் இல்லையென்று சொல்லியிருந்தார். அண்ணனுக்காகத் தம்பி அந்தக் கோபத்தைச் சுவரில் தீர்த்துவிட்டான்.

நாளைக்கு நிக்காஹ். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு வீட்டாரும் இந்த ஹோலில் கூடுவார்கள். றிஸ்லான் எழும்பி நின்று, "நான்தான் வரைந்தேன், மன்னியுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணம் நடக்கும். ஆனால் அதற்குப் பிறகு தூரிகையோடு அவனை எந்த வீட்டு வாசலுக்குள்ளும் எவரும் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். அந்தப் பழியும் அவன் தலையில்தான். அதனால் அவனே பிரஷாந்தியை அழைத்திருந்தான்.

இப்போது அவன் வாசற்படியில் குந்தியிருந்தான். தலைமுடியில் பச்சை, நகத்தில் தங்கம்.

"நான் வரையல்ல மிஸ். வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை. எனக்கு ஆள் வரையவே வராது. பள்ளிக்கூடத்தில பசு மாடு வரைஞ்சு, அது நாலு கால் கதிரை எண்டு புள்ளி வாங்கினவன் நான்."

"இந்த வேலையை எப்படிச் செய்யிறது? முதல்ல இருந்து சொல்லுங்க."

வேலையைப் பற்றிக் கேட்டதும் அவன் முகம் திறந்தது. முதலில் பச்சையை அடித்து நன்றாகக் காய விட வேண்டும். அதற்கு மேல் தங்கப் பூச்சைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாகப் பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே பழைய சாரன் துணியைக் கசக்கி, கொத்துரொட்டிக்காரன் மாவை உருட்டுவது போல உருட்டி, மேலிருந்து கீழே சுவரில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். துணி தொட்ட இடத்தில் தங்கம் துணியோடு போய்விடும். அடியிலிருக்கும் பச்சை தெரியும். தொடாத இடத்தில் தங்கம் நிற்கும். அந்தச் சுருக்கங்கள்தான் அழகு.

"தொடங்கினா நிப்பாட்ட ஏலா மிஸ். யன்னல் பூட்டி, ஃபேன நிப்பாட்டி, வேர்க்க வேர்க்க ஒரே மூச்சில முடிக்கணும். செவ்வாக்கிழமை மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொல்லக்குள்ள கடைசித் துண்டு முடிஞ்சிரிச்சு. மணம் போகட்டும் எண்டு கதவத் தொறந்து வெச்சிட்டுத் தொழப் பள்ளிக்குப் போன. வந்து, முன்னால நிண்டு பாத்தன், நல்லாத்தான் இருந்திச்சு. கதவப் பூட்டி, தொறப்புச் சாவிய ஹாஜியார்ட குடுத்த."

"கடைசித் துண்டு எது?"

அவன் முகம் இருந்த இடத்தைக் காட்டினான்.

அப்ஹாம் குறுக்கே விழுந்தான். "இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு வாளி பெயின்ட் எடுத்து மாமிட முகத்துக்கு மேல அடிச்சா முடிஞ்சிரிச்சே!"

றிஸ்லான் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒருத்தரும் அந்தச் சுவருல கை வெக்கப்படா!"

நௌஷாட் ஹாஜியார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரன், முகமும் வெள்ளை. றிஸ்லான் உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ சொல்ல வந்து விழுங்கியது போல அவன் தொண்டை ஏறி இறங்கியது.

பிரஷாந்தி அதைக் கவனித்தாள். குற்றம் செய்தவன் இப்படித்தான் விழுங்குவான் என்று மனத்தின் ஒரு பாதி சொன்னது. மறுபாதி, பசித்தவனும் இப்படித்தான் விழுங்குவான் என்றது. இரண்டையும் ஒரு பக்கத்தில் வைத்தாள்.

"தங்கச்சி, சுவருக்கு ஒண்டும் செய்யத் தேவல்ல," ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "பொடியன் மன்னிப்புக் கேட்டாப் போதும். மறுகா ஒரு அலுமாரிய வெச்சு மறைச்சிருவம்."

"அலுமாரிக்குப் பின்னால மாமி," என்று அப்ஹாம் முணுமுணுத்தான். "அந்த மாப்பிள்ளை உடுப்பெடுக்கப் போவானா?"

ஹாஜியார் போன பிறகு பிரஷாந்தி தன் முதல் யோசனையை அவிழ்த்தாள். யாரோ றஸீனாவின் போட்டோவைப் பெரிதாக்கி, மட்டையில் வெட்டி, அதை வைத்துச் சுவரில் பூசியிருக்கலாம்.

"நல்ல யோசனை மிஸ். ஆனா ஆர்ர வீட்டுல மாமி கண்ண மூடிட்டுப் போட்டோக்கு நிண்டிருக்கா?"

அவள் முகம் சிவந்தது. உண்மைதான். அதோடு இந்த முகம் சரியாக ஓர் ஆளின் முகத்தளவே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதன் கண் பிரஷாந்தியின் தோள் உயரத்துக்கு வந்தது. வரைகிறவன் ஏன் இவ்வளவு கீழே வரைய வேண்டும்? றிஸ்லான் நெட்டையன். குந்திக்கொண்டா வரைந்தான்?

யன்னலோரம் நின்று மறுபடி பார்த்தாள். சுவர் முழுக்கத் துணியின் சுருக்கங்கள். முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மாமிக்கு இலவசமா ஃபேஷியல் செஞ்சிரிக்கான்," என்றான் அப்ஹாம்.

"அப்ஹாம்! முகம் என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சை அடியில இருக்கிறது. அப்ப இந்த முகத்தை ஒருத்தரும் பூசல்ல. இங்க இருந்த தங்கத்தை எடுத்திருக்காங்க." அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. "துணி தொட்ட இடத்தில தங்கம் துணியோட போகும் எண்டு றிஸ்லான் சொன்னாரே. இங்க தொட்டது துணி இல்ல. சுருக்கமில்லாத ஒண்டு. அது தொட்டு, தங்கத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கு."

அப்ஹாம் குனிந்து சுவருக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான்.

"இன்னொண்டு. இதைப் பாரு." முகத்துக்குப் பக்கத்தில், கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, சின்னச் சின்ன வட்டமாகப் பச்சைப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. "இது என்ன?"

அவன் தன் கையை மடக்கி அந்தப் பொட்டுகளுக்கு நேரே பிடித்தான். விரல் மொளிகள் கச்சிதமாக நின்றன.

"தட்டியிரிக்காங்க மிஸ்! எங்கட ஊர்ல வீடு பாக்க வாற ஆக்கள் பொண்ணுட முகத்தப் பாக்க முந்தியே சுவரத் தட்டிப் பாப்பாங்க. கல்லா, உள்ளுக்க வெறும் பொக்கா எண்டு. என்ட கலியாணத்தில எங்க உம்மா தட்டின தட்டில அடுத்த வீட்டுக்காரன் கதவத் தொறந்தான்." சொல்லிக்கொண்டே அவன் சுவரைத் தட்டக் கையை ஓங்கினான்.

"தட்டாதீங்க!" ஹாஜியாரின் குரல் முற்றத்திலிருந்தே வந்தது. "பெயின்ட் காயல்ல!"

செவ்வாய்க்கிழமை அடித்த பெயின்ட். இன்று வியாழன். இந்த வெயிலில் வாளியிலிருந்த பெயின்டே காய்ந்திருந்தது.

"காதைச் சுவரில வெச்சு, கையால தட்டியிருக்காங்க," என்றாள் பிரஷாந்தி. "ஈரமெண்டு தெரியாம. ளுஹர் நேரம், ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளியில. கதவும் திறந்து கிடந்திருக்கு. மாமி எண்டா மூக்கும் பொருந்துது." அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மூக்கு மட்டும் போதாது. மூக்கு வளைந்தவர்கள் இந்த ஊரில் ஒருவர்தானா? "தங்கத்தைத் தேடுவம். அது இன்னும் எங்கயோ ஒட்டிக்கொண்டிருக்கும்."

பக்கத்திலிருந்த ஹாஜியாரின் பழைய வீட்டில், உள்ளறையில், கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தேத்தண்ணியும் பலகாரமும் சுற்றி வந்தன. நடுவே றஸீனா. கட்டையான, அகன்ற உடம்பு. முக்காட்டின் தொங்கலை வலக்கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மாமிக்குப் பல்லு வலி," என்று மணப்பெண் அஸ்மியா பிரஷாந்தியிடம் சொன்னாள். "செவ்வாக்கிழமை பின்னேரத்தில இருந்து. பாவம், கைய எடுக்கவே ஏலாமக் கிடக்கா."

பாவப்பட்ட மாமி தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். வலப்பக்கக் கடைவாயில் வைத்தார். கடித்த சத்தம் வாசலில் நின்ற அப்ஹாமுக்கே கேட்டது.

"வலி முறுக்குக்குப் பயந்து இடப்பக்கம் ஓடிட்டுப் போல," என்று அவன் வெளியே நின்றபடி பெருமூச்சு விட்டான்.

கை கழுவ றஸீனா கிணற்றடிக்குப் போனபோது பிரஷாந்தியும் பின்னால் போனாள். போகும் வழியில் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். தவறாக இருந்தால் ஒரு பெரிய மனுஷியை அவமானப்படுத்தியதாகிவிடும். சரியாக இருந்தால் அதைவிட மோசம், கல்யாணமே நின்றுவிடும்.

"மாமி, எந்தப் பல்லு?"

"நீ ஆர்ர புள்ள?"

"கல்லடியில இருந்து வந்திருக்கன். சுவரில இருந்த தங்கத்தில கொஞ்சம் காணாமப் போயிட்டு. அதைத் தேடுறன்."

றஸீனா அவளை மேலும் கீழும் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு நேரமும் பிடித்த பிடியில் கை உளைந்தவராய், முக்காட்டை விட்டார். வலக்கன்னம் வெயிலில் சிம்னி விளக்குப் போலப் பளபளத்தது.

"தேங்காயெண்ணெ போட்டுப் பாத்துட்டன். தேசிக்காய் புழிஞ்சு போட்டன். மண்ணெண்ணெயும் போட்டன். தோல் போகுதுகா, தங்கம் போகல்ல!"

"ஏன் மாமி ஒளிச்சு வந்தீங்க? முறையா வந்து பாத்திருக்கலாமே?"

"முறையா வந்தாத் தட்ட விடுவாங்களா? கதிரையில இருத்தி, கையில வட்டிலாப்பக் கோப்பையத் தந்திருவாங்க. அதக் கையில வெச்சிட்டு எப்பிடித் தட்டுற? என்ட மகன் காலம் பூரா இரிக்கப் போற வீடு." மூக்கை உறிஞ்சினார். "நேத்து அந்த அறுவாள்வாய்த் தங்கச்சிக்காரி கத்தினதும் எனக்கு வேற வழியில்லாமப் போச்சு. நானும் சேந்து கத்தின."

"அதால றிஸ்லான் மாட்டிக்கொண்டார்."

"ஒரு மன்னிப்புத்தானே, சொல்லிட்டுப் போவான் எண்டு நினைச்ச."

"அவர் சொன்னா இந்த ஊரில அவருக்கு அதுதான் கடைசிச் சுவர் மாமி."

றஸீனா முக்காட்டின் தொங்கலை விரலில் சுற்றினார். பிரஷாந்தியின் மனத்தில் ஒரு பக்கத்தில் வைத்த பொருட்கள் ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கின. தட்டாதீங்க. கை வெக்கப்படா. அலுமாரிய வெச்சு மறைப்பம்.

"மாமி, தட்டினீங்களே. என்ன கேட்டுச்சு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பெட்டி மாதிரிக் கேட்டிச்சு. உள்ளுக்க வெறும் பொக்கு."

"அதை ஏன் சொல்லல்ல? உங்களுக்குத்தானே அது ஆயுதம்?"

"சொன்னா என்ட ஆக்கள் கலியாணத்த நிப்பாட்டிருவாங்க. அஸ்மியா நல்ல புள்ளகா. சுவரு பொக்கெண்டா அவ என்ன செய்வா?"

பள்ளியில் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். புது வீட்டு ஹோலில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஹாஜியார் சுவருக்கு முன்னால் காவல் போல நின்றார். றிஸ்லான் நடுவே எழும்பி நின்றான்.

பிரஷாந்தி தொண்டையைச் செருமினாள். எந்தச் சொல்லில் தொடங்குவது? மாமியைக் காட்டினால் இந்தப் பக்கம் எரியும், ஹாஜியாரைக் காட்டினால் அந்தப் பக்கம் எரியும். இரண்டையும் விட்டால் நடுவில் நிற்பவன் எரிவான்.

"நான்தான்..." என்று றிஸ்லான் தொடங்கினான்.

"நீ இரி மனே," என்றது ஒரு குரல்.

றஸீனா எழும்பினார். முக்காட்டைக் கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து நேரே சுவருக்குப் போனார். ஹாஜியார் விலகுவதற்கு முன்பே அவரை விலக்கினார். தங்கக் கன்னத்தைச் சுவரின் பச்சைக் கன்னத்தில் வைத்தார். மூக்கு மூக்கில் போய் இருந்தது. கண்ணை மூடினார். கையை மடக்கி, பொட்டுகள் இருந்த இடத்தில் தட்டினார்.

டொம். டொம்.

தகரப் பேணிக்குள் எலி ஓடியது போல ஒரு சத்தம்.

முதலில் எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். பிறகு, மெல்ல மெல்ல, எல்லாக் கண்களும் ஹாஜியாரிடம் போயின.

"என்ட வீட்டுக்குள்ள ஒளிச்சு வந்து..." என்று ஹாஜியார் சீறத் தொடங்கினார். றஸீனா இன்னொரு தரம் தட்டினார். டொம். ஹாஜியார் கிடைத்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தங்கரை ஈரம்," என்றார் தரையைப் பார்த்து. "சுவரு முழுக்க உப்புப் பூத்திட்டு. என்ன அடிச்சாலும் கொப்புளிச்சுக் கொட்டுது. கலியாணத்துக்குள்ள காயவும் மாட்டாதாம். அதான் மேல ஜிப்சம் பலகை அடிச்ச. மூட்டுத் தெரியும் எண்டுதான் இந்தத் தங்க வேலை. இதில எது மூட்டு, எது சுருக்கம் எண்டு ஆருக்கும் தெரியாதே." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வெளியில சொல்லாத எண்டு பொடியன்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."

அப்போதுதான் பிரஷாந்திக்கு அந்த விழுங்கலின் அர்த்தம் புரிந்தது. முகத்தை அழிக்க இவனுக்கு ஒரு மணித்தியாலம் போதும். சுவரைத் தொட்டால் பொக்குச் சத்தம் கேட்டு ஹாஜியாரின் இரகசியம் வெளியே வரும் என்று, தன் பெயர் அழிவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"மடையா," என்றான் அப்ஹாம் அன்பாக.

உள் வாசலிலிருந்து அஸ்மியாவின் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "வாப்பா, மாமி. றிஸ்லான் நானாட்ட ரெண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்க. மறுகா நான் நாளைக்கு என்ன செய்யிற எண்டு யோசிக்கிறன்."

நாளைக்கு நிக்காஹ் நடக்குமா என்ற கேள்வி முதல்முறையாக மணப்பெண்ணின் கைக்குப் போய்விட்டதைக் கண்டு இரண்டு வீட்டாரும் பதறினார்கள். ஹாஜியார் எழும்பி றிஸ்லானின் கையைப் பிடித்தார். றஸீனா அவன் தலையைத் தடவி, "மன்னிச்சிரு மனே. என்ட காது செஞ்ச வேலை," என்றார். அவருடைய தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்தாள். பிறகு ஹோல் முழுக்கச் சிரித்தது, உள் வாசலில் நின்ற அஸ்மியாவும்தான்.

"ஜிப்சம் பலகையக் களட்டுவம்," றஸீனா தீர்ப்புச் சொன்னார். "உப்பச் சுரண்டி, காய வெச்சு, ஆறுதலாப் பூசட்டும். அதுவரைக்கும் எங்கட மாப்பிள்ளை உப்புச் சுவரோட இருப்பார். என்ன குறைஞ்சு போகுது?"

"இதே தங்க வேலையத் திருப்பிச் செய்வியா மகன்?" ஹாஜியார் கேட்டார்.

றிஸ்லான் யோசித்தான். "செய்வன் ஹாஜியார். ஒரு கண்டிஷன். இந்த வீட்டுல தட்ட ஆசையிரிக்கிற ஆக்கள் எல்லாரும் இப்பவே தட்டிருங்க. நான் துணிய எடுத்தா மறுகா கதவப் பூட்டிருவன்."

அனுமதி கிடைத்ததுதான் தாமதம். பெண்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக எழும்பினார்கள். அறை அறையாகத் தட்டல் தொடங்கியது. படுக்கையறையில் டக் டக். வராந்தாவில் டக் டக். கல், கல் என்று மகிழ்ச்சியாகக் குரல்கள் கேட்டன. ஹாஜியார் நிம்மதியாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

சமையலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வேறு மாதிரி வந்தது.

டொம்.

எல்லோரும் திரும்பினார்கள். ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.

றிஸ்லான் தங்க நகங்களோடு இரண்டு கையையும் மேலே தூக்கினான். "வல்லாஹி, அது நான் இல்ல!"

இந்த முறை எல்லோரும் அவனை நம்பினார்கள்.